சால்வைக்காரனின் தவக்காலம்

அந்த விளையாட்டில் பாலம் உடைந்து விழும் கட்டம் ஒன்று வரும். வானைத் தொடும் கட்டடங்கள் நிறைந்த ஏதோ ஒரு நகரம். உருகிய தாருக்குக் கைகால் முளைத்தது போன்ற ஒரு தடியன் பாலத்தின் தூணைப் பிடித்து ஆட்டுவான். கார்கள் சரியும், சனம் சிதறி ஓடும். திரையின் மூலையில் மஞ்சள் அம்புக்குறி ஒன்று துடிக்கும். போ, அவனிடம் போ, போய் அடி என்று அர்த்தம். விளையாடுகிற எவரும் போய்விடுவார்கள், அதற்குத்தானே விளையாட்டு. எங்கள் வீட்டுக்கார அக்கா மட்டும் போகமாட்டார். ஓடுகிற சனத்தில் யாராவது ஒருவர் தடுக்கி விழுந்திருப்பார். அக்கா பறந்துகொண்டிருக்கும் நாயகனைத் தரையில் இறக்கி, விழுந்தவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

"அக்கா, அம்புக்குறி அங்கால காட்டுது."

"தெரியுது பிள்ளை. இவர் எழும்பட்டும்."

விழுந்தவரைத் தூக்கிவிட அந்த விளையாட்டில் பொத்தான் கிடையாது. அவர் கதையில் ஒரு பொருட்டே இல்லாத ஆள். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுத் தானாக எழும்பி நடப்பார். அதுவரைக்கும் அக்கா பக்கத்தில் நிற்பார். அதற்குள் அந்தத் தடியன் பாலத்தை முழுதாக விழுத்திவிடுவான். ஆட்டம் முடிந்தது என்று திரை சிவக்கும். அக்கா கொஞ்சமும் கவலைப்படாமல் மறுபடி தொடங்குவார். ஒருநாள் தூக்கிவிடலாம் என்ற ஆசையில் எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறி அழுத்திப் பார்த்ததில், நாயகன் விழுந்து கிடந்த மனிதரைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டான். அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. நாயகனையும் கடலில் குதிக்கவைத்துத் தேடினார், ஆள் அகப்படவில்லை. அன்று பின்னேரம் குசினியில் மீன் வெட்டும்போதும் அதே பேச்சுத்தான்.

"பாவம், தன்ர பாட்டில போன மனுசன்."

அவர்கள் வீடு ஊர்காவற்றுறைக் கடைத்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. முன்னறையை நான் தையல் கடைக்கென்று வாடகைக்கு எடுத்திருந்தேன். சரவணையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோவேன். அக்காவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகன் பிரான்சுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதுதான் அந்த விளையாட்டுப் பெட்டி. சும்மா விட்டுப் போகவில்லை, தாயைப் பக்கத்தில் இருத்தி விளையாடப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான். தன்னை நினைத்து அழாமல் பின்னேரங்களில் இதைப் போட்டுக்கொண்டிருக்கச் சொன்னானாம்.

"அழுகை நிண்டுதோ அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க நிண்டது? அழுதழுது விளையாடினன். அதால கொஞ்சம் பிந்தித்தான் பழகினனான்."

அந்த நாயகன் முதலில் படக்கதைப் புத்தகங்களில் வந்தவன். மகன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தப் புத்தகங்களில் கூடாதது ஏதும் இருக்கிறதோ என்று அக்கா முதலில் தான் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அப்படிப் பார்க்கப்போய், மகனைவிட இவருக்குத்தான் கதை நன்றாகத் தெரிந்திருந்தது. அவனுடைய இங்கிலீசுப் பெயர் அக்காவின் வாயில் சரியாக வராது. தோளிலிருந்து தொங்கும் சிவப்புத் துணியைப் பார்த்துச் சால்வைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார். "சால்வை போட்ட ஒருத்தன் வேலை செய்யிறதை இதிலதான் பார்க்கிறன்" என்பார். எங்கள் பக்கத்து அரசியல் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்கும். சால்வைக்காரனோடு முகமூடி போட்ட பெண் ஒருத்தியும் வருவாள். இரண்டு பேர் விளையாடினால் இரண்டாவது ஆள் அவளாக விளையாடலாம். அவளை அக்கா தங்கச்சி என்றுதான் சொல்வார். அப்படிக் கதையில் இல்லையே என்றால், "ஒரு இளந்தாரியும் குமர்ப் பிள்ளையும் சோடியா ஊர் சுத்தினால் வேற என்னெண்டு சொல்லுறது" என்று வாயை அடைத்துவிடுவார்.

படக்கதையில் சால்வைக்காரனுக்குத் தாய் உண்டு, விளையாட்டில் இல்லை. இதை மட்டும் அக்காவால் பொறுக்க முடியவில்லை. வேலை இல்லாத நேரங்களில் அந்த நகரத்தின் மேலால் பறந்து தாயின் வீட்டைத் தேடுவார். ஓடு போட்ட வீடு எதையாவது கண்டால் இறங்கிக் கதவுக்கு முன்னால் நிற்பார். கதவு திறக்காது, அது வெறும் படம். "ஆரும் இல்லைப் போல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீதிக்குப் போவார்.

விளையாட்டில் மட்டும் இப்படி என்றால் வேடிக்கை என்று விட்டிருப்பேன். ஆள் வெளியிலும் அப்படித்தான். ஒரு வருடம் கோயில் பெருநாளுக்கு மாதா சுருவம் ஊர்வலமாகச் சுற்றிவந்தபோது நானும் அவரோடு போயிருந்தேன். வழியில் குடிவெறியில் ஒருவன் விளக்குக் கம்பத்தடியில் விழுந்து கிடந்தான். சனம் ஒதுங்கிப் போனது. அக்கா கையில் மெழுகுதிரியோடு அவன் பக்கத்தில் நின்றுவிட்டார். சுருவம் போய்விட்டது, பாட்டும் போய்விட்டது, நானும் வேறு வழியில்லாமல் நின்றேன். கடைசியில் அவன் எழும்பி இருந்து, அக்காவைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான். மெழுகுதிரியில் பற்றவைக்கத் தரும்படி கேட்டான். அக்கா கொடுத்தார். நான் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை, அவருக்கு அது தெரியவும் இல்லை.

வாடைக்காற்று அடிக்கிற காலத்தில் கடலுக்கு நடுவால் போகும் பண்ணைத் தாம்போதியில் நான் விழுந்தேன். யாழ்ப்பாணம் போய் லைனிங் துணியும் பொத்தான்களும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழி. மழை தூறிக்கொண்டிருந்தது, பக்கவாட்டில் அடித்த காற்றுக்கு ஸ்கூட்டர் சறுக்கியது. பொத்தான்கள் தெருவெல்லாம் உருண்டன. பின்னால் வந்த பஸ் விலத்திக்கொண்டு போகப் பார்த்தது. அந்த பஸ்ஸுக்குள் அக்கா இருந்தார். விழுந்து கிடந்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, தலைக்கவசம் போட்டிருந்தேன். யாரோ ஒரு பெட்டை விழுந்து கிடக்கிறாள் என்றுதான் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கிறார். இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் என்னைக் கண்டார்.

"இஞ்சை பாரும், எங்கட பிள்ளை" என்று சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, அதைக் கழற்றியபோது கை எனக்குரியதாகவே இல்லை. மெலிந்து, வெளிறி, விரல்கள் விறைத்து நின்றன. மடக்கி விரித்துப் பழகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு ரப்பர் பந்தும் தந்தார்கள். மடக்கினால் நொந்தது, நொந்ததால் விட்டேன், விட்டதால் இன்னும் இறுகியது. பந்து தையல் மெசினுக்கு அடியில் போய்க் கிடந்தது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரல் போகும், சுட்டுவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து இறுக்கமாட்டா. இறுக்காவிட்டால் துணி வெட்டுப்படாது. தையற்காரிக்குக் கத்தரிக்கோல் பிடிக்க ஏலாது என்றால் பிறகு என்ன மிச்சம். கலியாண வீட்டுச் சட்டைகளுக்குத் துணி தந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிப்போனார்கள்.

அம்மா நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார். வைத்த கையோடு, "சித்திரை வருசத்தோட கடையைக் குடுத்திட்டு வந்திடு. எழுத்து வேலை ஏதும் தேடுவம்" என்றார்.

"எந்தக் கையால எழுத?" என்று கேட்டேன். அம்மா அழுதார். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கவில்லை. கடை திறக்காவிட்டாலும் காலையில் பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்துவிடுவேன். பூட்டிய மெசினுக்கு முன்னால் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா புத்தி சொல்லவில்லை. பந்து எங்கே என்றும் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் கதவில் வந்து நின்று, "பிள்ளை, தங்கச்சிக்கு ஆள் இல்லை. வந்து பிடியும்" என்றார். போனேன். மகனின் இரண்டாவது றிமோட்டை என் கையில் தந்தார். விளையாட்டில் நகர்வதற்கும் பறப்பதற்கும் இடது கை போதும். அடிப்பதற்கு மட்டும் வலது சுட்டுவிரலால் ஒரு விசையை அழுத்தவேண்டும். அழுத்திப் பிடித்தால் அடி பலமாக விழும். எனக்கு அது ஏலவில்லை. பரவாயில்லை, அடிக்கிறதெல்லாம் அக்காதான். அக்கா அடித்தால் அடிதான். பற்களைக் கடித்துக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, கதிரையின் நுனிக்கு வந்து அடிப்பார். விழுந்தவர்களுக்குக் காவல் நிற்கிற அதே மனுசிதான், தார்ப் பீப்பா என்று தான் பெயர் வைத்திருந்த அந்தத் தடியனை மட்டும் மன்னிக்கமாட்டார். அவனுக்கு அடி விழும் ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள்ளே ஒரு சந்தோசச் சிரிப்பு உருளும். நாளெல்லாம் வேலை செய்து களைத்த மனுசிக்கு அதுதான் உல்லாசம். நான் தங்கச்சியாக அவருக்குப் பின்னால் சும்மா பறந்துகொண்டிருந்தேன்.

பிறகு தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. அக்கா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார்.

"இண்டைக்கு எங்கட சைவ ஆள் மாதிரி இருக்கிறியள்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டுப் பெட்டியைப் போட்டார். தார்ப் பீப்பா வந்தான். சால்வைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நின்றான். ஓங்கி ஒன்று வாங்கினான், கீழே விழுந்தான், எழும்பி மறுபடி முன்னால் போய் நின்றான்.

"அக்கா, அடியுங்கோ."

"தவக்காலம் பிள்ளை. அடி இல்லை."

"என்னது?"

"வெள்ளிக்கிழமையில உங்களுக்கு மச்ச மாமிசம் இல்லைத்தானே. அப்பிடித்தான். இந்தத் தவக்காலத்துக்கு நான் அடியை விட்டிட்டன்."

"அப்ப ஆர் அடிக்கிறது?"

"நீர் சைவந்தானே. நீர் அடியும்."

விளையாட்டு என்றால் விளையாட்டு, இதுக்குள்ளும் நோன்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா மாறவில்லை. விளையாடாமலும் இருக்கவில்லை, அதுதான் பெரிய கரைச்சல். பின்னேரம் ஆனால் பெட்டியைப் போட்டுவிடுவார். சனத்தைக் காப்பாற்றுவார், சரிகிற பஸ்ஸைத் தோளில் தாங்குவார், விழுந்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்பார். அடிக்க வருகிறவனுக்கு முன்னால் சால்வையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று எல்லா அடியையும் வாங்குவார். சால்வைக்காரனின் உயிர் அளவைக் காட்டும் பச்சைக் கோடு குறைந்துகொண்டே போகும். அக்கா றிமோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கவும் மாட்டார், திரையைத்தான் பார்ப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் முதல் முறை அந்த விசையை அழுத்தினேன். சுட்டுவிரல் நுனி பட்டது, இறங்கவில்லை. நடுவிரலையும் மேலே வைத்து அமத்தினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நோ ஓடியது. தங்கச்சி கையை நீட்டி, தார்ப் பீப்பாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். குழந்தையைத் தட்டி நித்திரையாக்குகிற தட்டு. அவன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சால்வைக்காரனை மறுபடி குத்தினான்.

"ஆ, அவனுக்கு உறைச்சிட்டுது" என்றார் அக்கா.

அப்படி ஒவ்வொரு பின்னேரமும் நடந்தது. சால்வைக்காரன் அடி வாங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த பந்தை நான் யாருக்காக அமத்துவது? எனக்காகத்தான். எனக்காக என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். இங்கே ஒருவன் எனக்கு முன்னால் அடி வாங்கிச் சாகப்போகிறான். அவனுக்கு உயிர் இல்லை, அவன் படம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் வராது. விரல் நோக நோக அமத்தினேன். விளையாடி முடித்தால் அக்கா சுடுதண்ணீர்ப் பாத்திரம் கொண்டுவந்து வைப்பார். கையை அதில் வைத்துக்கொண்டு இருப்பேன், அவர் குசினியில் நின்றபடி ஊர்ப் புதினம் சொல்வார். கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படி இருக்கு, குறைஞ்சிதோ என்று கேட்டுக் கேட்டே என்னைப் படுக்கவைத்த உறவுகளுக்கு நடுவில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பெரிய வெள்ளி நெருங்கும்போது விசை பாதிக்கு இறங்கியது. பெரிய வெள்ளியன்று பெட்டியைப் போடவில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கள் வந்தபோது, இன்றைக்கு அக்கா அவனைப் பிய்த்து எடுக்கப்போகிறார் என்று ஆசையோடு இருந்தேன். சால்வைக்காரன் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தவக்காலம் முடிஞ்சுதெல்லோ அக்கா."

"கோயிலுக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் முடியேல்லை."

"அது என்ன கணக்கு?"

"அது மாதாவுக்குத் தெரியும். நீர் அவனைப் பாரும், அந்தா பஸ்ஸைத் தூக்கிறான்."

இப்போது அக்காவும் கணவரும் மகனோடு பிரான்சில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்கே தெருவில் யாரும் விழுவதில்லையாம், விழுந்தாலும் உடனே வாகனம் வந்துவிடுகிறதாம். இதை ஒரு குறையைச் சொல்வது போல எனக்குப் போனில் சொன்னார். நான் அதே முன்னறையில்தான் இருக்கிறேன். தைக்கிற ஒவ்வொரு சட்டையிலும் அந்த மனுசிக்குப் பங்கு இருக்கிறது என்று நான் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு சித்திரை வருசமும் கிட்ட வந்துவிட்டிருந்தது. அம்மா கடையைக் கொடுக்கும் பேச்சை மறுபடி எடுத்திருந்தார். அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா சந்தைக்குப் போயிருந்தபோது கணவர் என் அறை வாசலுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு சாரம், இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து மூட்டாத புதுச் சாரம். அதை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"பிள்ளை, கெதியா அந்தக் கத்தரிக்கோலைப் பிடியும்."

"ஏன் அண்ணை, சாரம் அவசரமோ?"

"சாரம் கிடக்கட்டும். இவ அங்க அடிக்காமல் இருக்கிறதால எனக்கெல்லே இஞ்சை நெடுக ஏச்சு விழுகுது. முந்தியெண்டால் பின்னேரத்தில அந்தத் தடியனுக்குப் போட்டிட்டு வந்து நல்ல முகத்தோட சோறு போடுவா. இப்ப எல்லாம் என்ர தலையில."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தவக்காலத்துக்கு விட்டவ, பழகிப் போச்சுப் போல" என்றேன்.

"தவக்காலமோ?" என்று என்னைப் பார்த்தார். "போன வருசத் தவக்காலத்தில இறைச்சியைத்தான் விட்டவ. பெரிய வெள்ளிக்கு முதல் நாளும் அவனைப் போட்டு அடிச்சவ. இது நேர்த்தி பிள்ளை. உம்மட விரல் மடங்கிற வரைக்கும் அவனுக்கு அடிக்கிறேல்லை எண்டு மாதாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தவ. உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதையும்."

அவர் போய்விட்டார். நேர்த்திக்குக் கோழியை விடுவார்கள், மீனை விடுவார்கள், மொட்டை போடுவார்கள், முழந்தாளில் நடப்பார்கள். என் விரலுக்காக ஒரு மனுசி தன் நாளில் இருந்த ஒரேயொரு உல்லாசத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, தினமும் அதற்கு முன்னாலேயே போய் இருந்து அடி வாங்கியிருக்கிறார். நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன், அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். நான் அழுதேன். கவலையில் அழவில்லை. என்னைப் பற்றி யாரோ இவ்வளவு நினைத்திருக்கிறார்கள் என்ற நிறைவில் அழுதேன்.

சாரத்தை விரித்தேன். கத்தரிக்கோலை எடுத்துப் பெருவிரலை ஒரு வளையத்திலும் மற்ற விரல்களை அடுத்ததிலும் விட்டேன். சுட்டுவிரல் நொந்தது. விசையை அமத்துவது போல அமத்தினேன். கத்தரிக்கோல் வாய் மூடியது. துணியின் ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தது, கோணலாக. இன்னும் ஒன்று. நொந்தது, ஆனால் மூடியது. துணி வெட்டுப்படும் சத்தத்தை அத்தனை நாளைக்குப் பிறகு கேட்டேன்.

அக்கா சந்தையிலிருந்து வந்தது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது மீன் பையோடு வாசலில் நின்றார். என் கையைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். சாரத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

"ஓரம் கோணல்" என்றார்.

"ஓம்."

"அவர் கட்டினால் ஆர் பார்க்கப் போகினம். வெட்டும், வெட்டும்."

பையை அப்படியே நிலத்தில் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். கை கழுவியதாகத் தெரியவில்லை. நடு வீட்டில் பெட்டி போடும் சத்தம் கேட்டது. பாலம் ஆடியது, சனம் கத்தியது. கதவு திறந்தே இருந்ததால் என் இடத்திலிருந்தே எனக்குத் திரை தெரிந்தது. சால்வைக்காரன் மேலே எழும்பி, கையைப் பின்னால் இழுத்து, தார்ப் பீப்பாவுக்கு ஓங்கி ஒன்று விட்டான்.

"இது பிள்ளையின்ர பெருவிரலுக்கு" என்றார் அக்கா.

அடுத்தது விழுந்தது. "இது சுட்டுவிரலுக்கு."

நடுவிரலுக்கு ஒன்று. மோதிர விரலுக்கு ஒன்று. சின்ன விரலுக்கு விழுந்த அடியில் அவன் பாலத்திலிருந்து தூக்கி எறியப்பட்டான். கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, முகம் மலர்ந்து, மீன் பையை எடுத்துக்கொண்டு போனார். அக்கா நிறுத்தவில்லை.

"அஞ்சு விரலுக்கும் குடுத்தாச்செல்லோ அக்கா" என்று அறையிலிருந்தபடியே கேட்டேன்.

"மற்றக் கை இருக்குத்தானே பிள்ளை. அதுக்கு ஒண்டும் வராமல் இப்பவே குடுத்து வைப்பம்."

நான் சாரத்தைத் திருப்பிப் போட்டு மற்ற ஓரத்தை வெட்டத் தொடங்கினேன்.